வெங்காயம் பூத்த வருஷம்

எங்கள் பக்கத்தில் வெங்காயம் பூப்பது பெருமைக்குரிய விஷயமில்லை. செடியின் நடுவிலிருந்து தண்டு நீண்டு மொட்டு வைத்தால், பார்த்த கையோடு கிள்ளிவிடுவார்கள். விட்டால் சத்தெல்லாம் பூவுக்குப் போய், அடியில் காய் பெருக்காது. கிள்ளிய மொட்டையும் எறிவதில்லை. மிளகாய் வற்றலைக் கிள்ளிப் போட்டு வதக்கினால் ஒரு நேரத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஆகிவிடும். அதனால், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் நத்தம் சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் வெங்காயம் பாத்தி பாத்தியாகப் பூத்து வெள்ளை உருண்டைகளாக நின்றபோது, அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே ஊரில் நினைத்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பூ வியாபாரி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இது என்ன பூ, திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வருமா என்று கேட்டார். அம்மா ஒரு தண்டை ஒடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

காரணம் முந்தைய வருஷத்து விதை. விதை போட்டு நாற்றுவிட்டு நடுகிற சின்ன வெங்காய ரகம் ஒன்று உண்டு. அதற்கு அம்மா வெளியில் வாங்கிய விதையில் பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல இல்லை. ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒன்று கழுத்துத் தடித்து, காய் வைக்காமல் வெறும் இலைத் தாளாக நின்றது. அந்த அறுவடை முடிந்த அன்றே, அடுத்த தடவைக்கு விதையை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா காய்கறி லோடு வண்டி ஓட்டினார். தோட்டம் அம்மாவின் பொறுப்பு. ஆனாலும் கருத்துச் சொல்வதற்கு அவர் எப்போதும் தயாராக இருப்பார்.

“பூ பூக்கவா வெங்காயம் நடுறோம்?” என்றார்.

அம்மா விதை எடுப்பது பற்றிய வீடியோக்களைக் கைபேசியில் போட்டு, அடுப்படியில் குழம்பு கொதிக்கிற சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி முழுச் சத்தத்தில் வைத்துக்கொண்டாள்.

முதல் வேலை காய் பொறுக்குவது. வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்க மூங்கில் தட்டியால் கட்டிய கூண்டுக்குப் பட்டறை என்று பெயர். எங்கள் பட்டறைக்கு முன்னால் அம்மாவும் நானும் குத்தவைத்து உட்கார்ந்தோம். அம்மா ஒவ்வொரு காயையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கழுத்து மெல்லியதாக, நிறம் ஒன்றாக, கையில் கெட்டியாக இருப்பது மட்டும் கூடைக்குப் போனது. நான் தேடித் தேடி எடுத்துக் கொடுத்த பெரிய பெரிய காய்களையெல்லாம் அவள் ஒதுக்கிவிட்டாள். அழகுப் போட்டியில் என் ஆள் தோற்றுவிட்ட மாதிரி எனக்குக் கோபம் வந்தது. “பெருசு வேணாம் பாப்பா. எல்லாம் ஒண்ணு போல இருக்கணும்,” என்றாள். ஒதுக்கியதை எல்லாம் நாங்கள் தின்று தீர்த்தோம்.

ஐப்பசி மழை விட்ட இடைவெளியில் அந்தக் காய்களை மறுபடியும் மண்ணில் நட்டாள். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதால் பார் மேட்டை உயர்த்தி, வழக்கத்தைவிட விலக்கி விலக்கி நட்டாள். துளிர்த்து வந்தபின் பாத்திக்குள் நடந்து, தாள் வேறு மாதிரி இருந்ததையும், எல்லோருக்கும் முன்னால் அவசரப்பட்டுத் தண்டு விட்டதையும் பிடுங்கிப் போட்டாள். நன்றாக நிற்கிற செடியைப் பிடுங்குகிற பெண்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அப்பா வண்டியில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு அம்மா ஊர்த் தோட்டங்களுக்குள் புகுந்தாள். அக்கம்பக்கத்தில் வேறு வெங்காயம் பூத்தால், தேனீ அந்த மகரந்தத்தைக் கொண்டுவந்து எங்கள் பூவில் கலந்துவிடும், விதை மறுபடியும் கலப்படமாகிவிடும் என்பது அவள் பயம். பல்லாரி என்கிற பெரிய வெங்காயம் போட்டவர்கள், சின்ன வெங்காயம் போட்டவர்கள் என்று ஒருவர் விடாமல் போய், உங்கள் தோட்டத்தில் மொட்டு கிள்ளித் தருகிறோம் என்று கேட்டோம். வலிய வந்து வேலை செய்துவிட்டுப் போகிறவர்களை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த மார்கழி முழுவதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு மொட்டு கிள்ளுவதுதான் வேலை. ராத்திரிச் சோற்றுக்கும் அதே மொட்டுதான் வெஞ்சனம்.

இதுவரைக்கும் அம்மா நினைத்தபடிதான் நடந்தது. பூ விரியத் தொடங்கியபோதுதான் பூவுக்குத் தேனீ வரவில்லை என்பது தெரிந்தது. வெங்காயப் பூவின் மணம் மனிதர்களுக்குப் பிடிக்காதது போலவே தேனீக்கும் அவ்வளவாகப் பிடிக்காதாம். காலையில் பாத்திக்குள் நின்று பார்த்தால் எறும்பும் இரண்டொரு வண்டும் தவிர யாரும் இல்லை. ஈ வந்து உட்காராவிட்டால் பூவுக்குள் விதை பிடிக்காது. அம்மா சிறுமலையில் இருந்த தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

மாமா மலையில் வாழைத் தோட்டமும் மிளகுக் கொடியும் வைத்திருந்தார். காப்பிச் செடிகளுக்கு நடுவே தேனீப் பெட்டிகளும் இருந்தன. பொங்கல் லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். திரும்பி வரும்போது மாமா என்னையும் ஒரு தேனீப் பெட்டியையும் சேர்த்துக் கீழே கொண்டுவந்தார். முந்தின நாள் பொழுது சாய்ந்து ஈக்களெல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகு வாசலைத் துணியால் அடைத்து, பெட்டியைப் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டிவிட்டார். காலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் எல்லோர் மடியிலும் ஏதாவது மூட்டை இருக்கும் என்பதால் கண்டக்டர் முதலில் கண்டுகொள்ளவில்லை. வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் மூட்டை உறுமியது.

“என்னண்ணே, உள்ள ஏதோ ஓடுற மாதிரி இருக்கு?” என்றார் கண்டக்டர்.

“ஓடல. பறக்குது. நம்ம ஈதான், சாது,” என்றார் மாமா.

எங்கள் பக்கத்து இருக்கைகள் காலியாகிவிட்டன. பஸ்ஸின் மற்ற பாதியில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, நானும் மாமாவும் தாராளமாகக் காலை நீட்டிக்கொண்டு கீழே வந்து சேர்ந்தோம்.

சாதுவான ஈ என்று அவர் சொன்னது முழு உண்மையில்லை. தோட்டத்தின் நடுவில் கல்லடுக்கி, பெட்டியை வைத்து, வாசல் துணியை உருவியபோது நான் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். முதலில் வெளியே வந்த ஈ என் மேலுதட்டில் கொட்டியது. மாமா சுண்ணாம்பு தடவினார். சாயங்காலத்துக்குள் என் உதடு மூக்கைத் தொட்டுவிட்டது.

அந்த உதட்டோடுதான் நான் பெரியப்பாவிடம் தூது போக வேண்டியிருந்தது.

அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் தோட்டம் எங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம். கிணறு ஒன்றுதான். அந்தக் கிணற்றில் யார் முறைக்கு யார் மோட்டார் போட்டார்கள் என்று ஒரு கோடையில் தொடங்கிய சண்டையில் அண்ணன் தம்பி இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பா வீட்டில் பெரியப்பாவின் பேரைக்கூட எடுப்பதில்லை. யாராவது எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மாவுக்குச் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் புருஷனுடைய அண்ணனிடம் முகம் பார்த்துப் பேசுவது எங்களில் வழக்கமில்லை. ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அம்மா என்னிடம் சொல்வாள். அவர் பத்தடி தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அவரும் என்னிடமே பதில் சொல்வார். நடுவில் நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா அந்த வருஷம் கத்தரி போட்டிருந்தார். கத்தரிக்குக் காய்ப்புழு வரும். அதற்கு விடாமல் மருந்தடிக்க வேண்டும். காலையில் அடித்தால், பூவுக்கு வருகிற தேனீ அத்தனையும் செத்துப்போகும். அம்மா வரப்பின் இந்தப் பக்கம் நின்றாள்.

“பாப்பா, பெரியப்பாட்ட சொல்லு. ஈப்பெட்டி கொண்டாந்து வச்சிருக்கோம். காலையில மருந்தடிக்காம இருந்தா புண்ணியமாப் போகும்னு சொல்லு.”

நான் உதட்டைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். எனக்கே புரியவில்லை. அவர்கள் இருவரும் என் வாயைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

“ஏத்தா, உங்காத்தாட்ட கேளு,” என்றார் பெரியப்பா. “ஈ பொழைக்கிறதுக்கு என் கத்தரிக்காயப் புழுவுக்கு எழுதி வச்சிரவா?”

“அடிக்கவே வேணாம்னு சொல்லல, பாப்பா. பொழுது சாய, ஈ கூட்டுக்குத் திரும்பினதுக்கு அப்பறம் அடிச்சுக்கிரட்டும். இன்னும் பூ கொட்டுற வரைக்கும்தான்னு சொல்லு.”

பெரியப்பா எங்கள் பாத்திகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் வெங்காயம் தெரியும். முந்தைய வருஷத்து விதையில் அவரும் ஏமாந்தவர்தான்.

“சரி, பொழுது சாய அடிச்சுக்கிறேன்னு சொல்லு. உதட்டுக்கு என்னாச்சு உனக்கு?”

அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றுதான் உண்மையிலேயே எனக்கு. நான் பதில் சொல்வதற்குள் அவர் போய்விட்டார். பின்னொரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, வரப்பில் கட்டியிருந்த எங்கள் ஆட்டிடம் அம்மா தண்ணீர் முறை பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். பெரியப்பா அந்த ஆட்டுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என் வேலையை ஆடு இவ்வளவு நன்றாகச் செய்தது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

ஈக்களும் முதலில் எங்களை மதிக்கவில்லை. பெட்டியிலிருந்து கிளம்பி, வெங்காயப் பூவுக்கு மேலாகவே பறந்து, சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த முருங்கைத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. அம்மா அவற்றை நன்றிகெட்டவை என்று திட்டினாள். பிறகு வெங்காயப் பூ நிறைய விரிந்ததும், அலைய அலுத்துப்போயோ என்னவோ, பாத்திக்குள் இறங்க ஆரம்பித்தன. வெயில் ஏற ஏறத் தோட்டம் முழுவதும் ஒரே ரீங்காரம். அம்மா காலையில் செய்கிற வேலையை எல்லாம் பாத்தி ஓரத்திலேயே வைத்துக்கொண்டாள். கீரை ஆய்ந்தாலும் அங்கேதான், புளி கொட்டை எடுத்தாலும் அங்கேதான்.

பூ பாதிக்கு மேல் விரிந்திருந்த சமயம் நத்தத்தில் அம்மாவின் சொந்தக்காரர் வீட்டில் ஒரு காதுகுத்து. அப்பாவுக்கு அன்று லோடு இல்லை. ஆனால் விசேஷத்துக்கு வரவில்லை, தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் நானும் போனோம். மாந்தோப்புகள் பூத்திருந்தன. அம்மா அங்கே யாரைப் பார்த்தாலும் தன் வெங்காயத்தைப் பற்றியே பேசினாள். மொய் எழுத உட்கார்ந்தவரிடம்கூடப் பேசினாள்.

பொழுது இறங்குவதற்கு முன் திரும்பிவிட்டோம். பஸ் எங்கள் தோட்டத்துக்கு எதிரிலேயே நிற்கும். இறங்கியதும் அம்மா பட்டுச் சேலையோடு பாத்திக்குள் போனாள். எனக்கு முதலில் வாடைதான் தெரிந்தது, தொண்டையைக் கரிக்கிற மருந்து வாடை. பெட்டிக்கு முன்னால் தரை கறுப்பாக இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஈக்கள். சில மல்லாந்து கிடந்தன. சில ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து விழுந்தன. பூவின் மேலேயே ஒட்டிக்கொண்டு செத்தவையும் இருந்தன. பெட்டி வாசலில் ஒன்றிரண்டு மட்டும் உள்ளேயிருந்து செத்ததை இழுத்து வந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தன.

அம்மா குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அள்ளிய கையை மூடிக்கொண்டு பம்புசெட்டுப் பக்கம் போனாள். அப்பா தொட்டியில் நின்று சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்.

“யாரு மருந்தடிச்சது?” என்று கேட்டாள்.

அப்பா ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். மறுபடியும் ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்பா பதில் சொல்லாமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியப்பாவின் பேரைச் சொல்ல வேண்டிய இடம் அது. அம்மாவும் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அம்மா நேராக வரப்புக்குப் போனாள். பெரியப்பா கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல நடுவில் போய் நிற்க ஓடினேன். அம்மா என்னைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

“ஏன் இப்படிச் செஞ்சீக? பொழுது சாய அடிக்கிறேன்னு நீங்கதானே சொன்னீக? உங்க தோட்டத்துல உங்களுக்கு உரிமை இருக்கு, இல்லேங்கல. சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல?” கையை விரித்து, செத்த ஈக்களை வரப்பின் மேல் கொட்டினாள். “பாருங்க.”

பெரியப்பா மண்வெட்டியை ஊன்றி நின்றார். அவர் பார்வை அம்மாவைத் தாண்டிப் பம்புசெட்டுக்குப் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். தலையில் சோப்பு நுரையோடு, சொம்பைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் அவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் பார்த்து நான் கண்டதில்லை. கிணற்றுச் சண்டைதான் மறுபடியும் மூளப்போகிறது என்று நினைத்தேன்.

“ஆமா, அடிச்சுப்புட்டேன்,” என்றார் பெரியப்பா. “புழு தாங்கல.”

அவ்வளவுதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். தண்ணீர் மடை மாறாமல் ஒரே பாத்தியில் நிரம்பி வழிந்தது. சற்று நேரத்துக்குப் பிறகு பெரியம்மா வந்து மடையைத் திருப்பிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா அவரிடம் பேசுவதை அடியோடு நிறுத்திவிட்டாள். என் வழியாகவும் பேசவில்லை, ஆட்டின் வழியாகவும் பேசவில்லை. பெரியம்மா கொடுத்தனுப்பிய கறிவேப்பிலையைக்கூட வேண்டாம் என்று திருப்பிவிட்டாள். நானும் என் பங்குக்குப் பெரியப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்தில் என் சிநேகிதிகளிடம் அவரை ஈக் கொலைகாரன் என்று சொல்லிவைத்தேன்.

மாமா போனில் விசாரித்தார். ராணி உயிரோடு இருக்கிறது, கொஞ்ச ஈக்களும் இருக்கின்றன என்று அம்மா பெட்டியைத் திறந்து பார்த்துச் சொன்னதும், நிழல் போட்டு விட்டுவிடு, தேறிக்கொள்ளும் என்றார். ஆனால் பூ அதுவரைக்கும் காத்திருக்காது. இனிக் கைதான் என்று அம்மா முடிவு செய்தாள். பனி காய்ந்து வெயில் ஏறுகிற நேரத்தில், உள்ளங்கையை விரித்து ஒரு பூ உருண்டையின் மேல் மெதுவாகத் தடவி, அதே கையோடு அடுத்த பூ, அடுத்த பூ என்று போக வேண்டும். அழுத்தினால் பூ உதிர்ந்துவிடும். தூங்குகிற குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரி தடவு என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். குழந்தையின் தலையைத் தடவியெல்லாம் எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் புரிந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அப்பாவும் வந்தார். காலை லோடை இன்னொரு வண்டிக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார். பூ பூக்கவா வெங்காயம் நடுகிறோம் என்று கேட்டவர், அம்மாவைக் கேலி பேசாமல், ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கையால் ஒவ்வொரு பூவாகத் தடவிக்கொண்டு போனார். நாங்கள் களைத்து நிழலுக்குப் போன பிறகும் அவர் தடவிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு ஒருவழியாக விவசாயத்தில் ஆசை வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், உன் கை நாறுகிறது என்று டீச்சரிடம் சொல்லி இடம் மாற்றிக்கொண்டாள். எனக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

மாசி கடைசியில் பூக்கள் காய்ந்து, உருண்டைகள் சாம்பல் நிறமாகி, அங்கங்கே வாய் பிளந்து உள்ளே கறுப்பு விதை தெரிந்தது. எல்லாம் ஒரே நாளில் முற்றுவதில்லை. முந்தி முற்றியதை முந்தி அறுக்காவிட்டால் விதை கொட்டிப்போகும். அவசரப்பட்டுப் பச்சையாக அறுத்தால் விதை சுருங்கிப்போகும். அம்மா விடிந்ததும் பனி ஈரத்தில், விதை தெறிக்காத நேரமாகப் பார்த்து, தண்டோடு சேர்த்து அறுத்து, அடியில் கையை ஏந்தியபடி கூடையில் போட்டாள். படுதாவில் பரப்பி நிழலிலும் இளவெயிலிலும் மாற்றி மாற்றிக் காயவைத்தபின் கசக்கி, புடைத்து, தூற்றினோம். ஈ செத்த பிறகு விரிந்த பூக்களில் பாதி உள்ளே பொக்கையாகத்தான் இருந்தது. நினைத்த அளவுக்கு வரவில்லை. ஆனால் வந்தது நல்ல விதை. மையைப் போலக் கறுத்து, விரலுக்கிடையில் தேய்த்தால் கெட்டியாக இருந்தது.

அந்த நாட்களில் ஒருநாள் எங்கள் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு வரப்பைத் தாண்டிவிட்டது. அங்கே பெரியப்பா கழித்துக் கொட்டிய கத்தரிக்காய் ஒரு குவியலாகக் கிடந்தது. ஆடு அதைத் தின்றுகொண்டிருந்தது. ஆட்டை இழுக்கப் போன அம்மா, குவியலிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தாள். உள்ளே புழு. இன்னொன்றைப் பிளந்தாள். அதிலும் புழு. எட்டிக் கத்தரிப் பாத்திக்குள் போய் ஒரு செடியைச் சாய்த்துப் பார்த்தாள். நுனித் தண்டெல்லாம் புழு துளைத்து வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த செடியும் அப்படித்தான். அதற்கும் அடுத்த சாலிலும் அப்படித்தான். அம்மா பாத்திக்கு நடுவில் அசையாமல் நின்றாள்.

“நல்லா வேணும்,” என்றேன் நான்.

அம்மா சட்டென்று திரும்பி என் வாயில் ஒன்று வைத்தாள். அவள் என்னை அடிப்பது அபூர்வம். எதற்கு அடிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அவள் பக்கம்தானே பேசினேன்?

அன்று சாயங்காலம் அம்மாவும் அப்பாவும் படுதாவின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்து விதை புடைத்தார்கள். அம்மா ஏதோ கேட்டாள். அப்பா முறத்தைக் கீழே வைத்தார். நான் வாயைத் தடவிக்கொண்டு கோபமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்ததால் என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. சண்டை சத்தம் எதுவும் வரவில்லை.

அந்தக் காதுகுத்து நாளில் மருந்தடித்தது அப்பாதான் என்று நான் தெரிந்துகொண்டது வேலைக்குப் போன பிறகு. ஒரு லீவு நாளில், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து என்னைத் தன் வண்டியில் கூட்டி வரும்போது அவராகவே சொன்னார். வெங்காயத் தாள்களில் இலைப்பேன் விழுந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருந்ததாம். அம்மா வருவதற்குள் தானே மருந்தடித்து ஒரு உதவி செய்துவிடலாம் என்று உச்சி வெயிலில் அடித்திருக்கிறார். ஈயைப் பற்றி அவருக்கு அந்த நேரத்தில் நினைப்பே வரவில்லையாம். பெரியப்பா வரப்பில் நின்று கையை ஆட்டிக் கத்தியிருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் கத்துவதை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பாவோ, சாயங்காலக் காற்று எங்கள் பக்கமாகவே அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, பெட்டி வந்த நாளிலிருந்து கத்தரிக்கு மருந்தே அடிக்கவில்லை.

இதில் எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. விதையைத் தூற்றிய அன்று, காற்றில் தள்ளிப் போகாமல் முறத்துக்குக் கீழே நேராக விழுந்த கனமான விதையை அம்மா தனியாகக் கூட்டி அள்ளினாள். அதுதான் இருப்பதிலேயே உசத்தி. நாற்றுவிட்டால் தப்பாமல் முளைக்கும். அதை நாங்கள் வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். அம்மா ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தாள்.

“பெரியப்பாட்ட குடுத்துட்டு வா.”

“அவருக்கு எதுக்கு?”

“குடுன்னா குடு.”

“என்ன சொல்லிக் குடுக்க?”

அம்மா யோசித்தாள். “ஒண்ணும் சொல்ல வேணாம்.”

வாயில் அடி வாங்கிய கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. காலைத் தேய்த்துத் தேய்த்துப் போனேன். பெரியப்பா பம்புசெட்டுப் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியை அணைத்தார். முடிச்சை அவர் கையில் போட்டேன். அவிழ்த்து, விதையை உள்ளங்கையில் கொட்டி, கட்டைவிரலால் பரப்பிப் பார்த்தார். ஒரு விதையை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தும் பார்த்தார். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. எனக்குக் கால் கடுத்தது.

“உங்காத்தா என்ன சொல்லுச்சு?”

“ஒண்ணும் சொல்லல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். விதையை ஒன்றுகூடச் சிந்தாமல் மறுபடியும் துணியில் போட்டு முடிந்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

“நானும் ஒண்ணும் சொல்லலேன்னு சொல்லிரு, தாயி.”

வீட்டுக்கு வந்து அதையே அம்மாவிடம் சொன்னேன். முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் நிறுத்தி, “சரி” என்றாள். பக்கத்தில் சாக்குக்கு வாய் கட்டிக்கொண்டிருந்த அப்பா சாக்கை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். பெரியப்பா உட்கார்ந்திருந்த கிணற்றுப் பக்கம்தான் போனார். இவர்கள் ஒன்றுமே சொல்லிக்கொள்ளாததற்கு நான் எதற்காக அவ்வளவு தூரம் நடந்து போய்வந்தேன் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னொரு முறத்தை என் கையில் கொடுத்தாள்.